லிங்க் ஸ்டேட் டேட்டாபேஸை வாசிக்கும் முறை

ஒரு கிளை அலுவலகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது என்று தெரிந்தவுடன், வலையமைப்புப் பணிக்குப் புதிதாக வந்தவர்கள் முதலில் திறந்து பார்ப்பது, எந்த நெட்வொர்க்குக்கு எந்த வழி என்று ரூட்டர் வைத்திருக்கும் பட்டியலான ரூட்டிங் டேபிளைத்தான். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் ரூட்டிங் டேபிளில் இருப்பது முடிவு மட்டுமே. எந்தத் தகவல்களை வைத்துக்கொண்டு ரூட்டர் அந்த முடிவுக்கு வந்தது என்பது அதில் இராது. ரூட்டர்கள் தங்களுக்குள் வழித் தகவலைப் பகிர்ந்துகொள்ளப் பயன்படுத்தும் ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் ஆகிய நெறிமுறைகளில் அந்தத் தகவல்கள் அனைத்தும் லிங்க் ஸ்டேட் டேட்டாபேஸில், சொன்னவர் யார், சொல்லி எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற விவரங்களோடு வரி வரியாகச் சேர்ந்திருக்கின்றன. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, பெரம்பூர்ப் பக்கங்களில் சிஸ்கோ நிறுவனத்தின் வலையமைப்புத் தேர்வான சிசிஎன்ஏவுக்குப் படிக்கும் பிள்ளைகள் பலர் இந்தப் பகுதியை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். இதை வாசிக்கத் தெரிந்தவருக்குப் பழுது எந்த ஊரில், எந்த லிங்க்கில் என்பது பெரும்பாலும் இருக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே தெரிந்துவிடும் என்பதால், இதைச் சற்று நிதானமாக விளக்க விரும்புகிறேன்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது ஓஎஸ்பிஎஃப்பின் இரண்டாம் பதிப்பை. ஜான் மோய் எழுதி 1998 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 2328 இதன் அடிப்படை ஆவணம். இணைய நெறிமுறைகளை விவரிக்கும் ஆவண வரிசைக்குத்தான் ஆர்எஃப்சி என்று பெயர்.

முதலில், இந்த டேட்டாபேஸ் எதற்காகத் தேவைப்பட்டது என்பதைப் பார்ப்போம். ரிப் போன்ற பழைய டிஸ்டன்ஸ் வெக்டர் நெறிமுறைகளில், ஒரு ரூட்டர் தன் பக்கத்து ரூட்டரிடம் "இந்த நெட்வொர்க் என்னிடமிருந்து இத்தனை தொலைவில் இருக்கிறது" என்று மட்டுமே சொல்லும். வியாசர்பாடியிலிருந்து தண்டையார்பேட்டைக்குப் போகும் ஒருவர், வழியில் இருப்பவரிடம் கேட்டு, "இப்படிப் போனால் இருபது நிமிடம்" என்ற பதிலை மட்டும் நம்பிப் புறப்படுவது போன்றது இது. சொன்னவரும் அதை வேறொருவரிடம் கேட்டுத்தான் சொல்லியிருப்பார். இடையில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறதா என்பது இருவருக்குமே தெரியாது. லிங்க் ஸ்டேட் முறையில் யாரும் மற்றவருடைய வழியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒவ்வொரு சந்திப்பும் தன்னிடமிருந்து பிரியும் சாலைகளை மட்டும், அவற்றின் இப்போதைய நிலையோடு எல்லோருக்கும் அறிவித்துவிடுகிறது. அந்த அறிவிப்புகளைத் திரட்டி ஊரின் முழு வரைபடத்தையும் அவரவரே போட்டுக்கொண்டு, அவரவர் வழியை அவரவரே கணக்கிட்டுக்கொள்கிறார்கள்.

அந்த அறிவிப்பு ஒவ்வொன்றுக்கும் எல்எஸ்ஏ (லிங்க் ஸ்டேட் அட்வர்டைஸ்மென்ட்) என்று பெயர். ஒரு ரூட்டரிடம் வந்து சேர்ந்த எல்எஸ்ஏக்கள் அனைத்தின் தொகுப்பே லிங்க் ஸ்டேட் டேட்டாபேஸ். பெரிய வலையமைப்பை ஓஎஸ்பிஎஃப் ஏரியா எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கிறது; ஒரே ஏரியாவில் இருக்கும் ரூட்டர்கள் அனைத்திடமும் அந்த ஏரியாவைப் பற்றிய தொகுப்பு ஒன்றுபோலவே இருக்க வேண்டும் என்பது இந்த நெறிமுறையின் உயிர்நாடியான நிபந்தனை. வரைபடம் எல்லோரிடமும் ஒன்று. ஆனால் ஒவ்வொரு ரூட்டரும் தன்னையே தொடக்கப் புள்ளியாக வைத்துக் கணக்கிடுவதால் ரூட்டிங் டேபிள் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். புதிதாகப் படிப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் மற்ற எல்லாக் குழப்பங்களுக்கும் ஊற்று.

ஓர் எடுத்துக்காட்டு வலையமைப்பை வைத்துக்கொள்வோம். வட சென்னையில் துறைமுகச் சரக்குகளைக் கையாளும் ஒரு கற்பனை நிறுவனம். அதற்கு ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, பெரம்பூர் ஆகிய ஐந்து இடங்களில் அலுவலகங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ரூட்டர். அவற்றை அடையாளம் காட்டும் எண்களான ரூட்டர் ஐடிகள் இதே வரிசையில் 1.1.1.1 தொடங்கி 5.5.5.5 வரை. ராயபுரம் தண்டையார்பேட்டையோடும், தண்டையார்பேட்டை திருவொற்றியூரோடும், திருவொற்றியூர் மணலியோடும் இணைக்கப்பட்டிருக்கின்றன. இந்த மூன்று லிங்க்குகளின் காஸ்ட்டும், அதாவது அவற்றைக் கடப்பதற்கான செலவு எண்ணும், தலா 10. மறுபுறம் ராயபுரத்திலிருந்து பெரம்பூருக்கு காஸ்ட் 10 உள்ள லிங்க்கும், பெரம்பூரிலிருந்து மணலிக்கு காஸ்ட் 40 உள்ள மெதுவான லிங்க்கும் இருக்கின்றன. ஐந்து ரூட்டர், ஐந்து லிங்க், ஒரு வளையம்.

இப்போது இந்த ஐந்தில் எந்த ரூட்டரில் உட்கார்ந்துகொண்டு "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் டேட்டாபேஸ்" என்று தட்டச்சு செய்தாலும் ஐந்து வரிகள் வரும். சிஸ்கோ கருவியில் பெரம்பூருக்கான வரி இப்படி இருக்கிறது என்று கொள்வோம்: லிங்க் ஐடி 5.5.5.5, ஆட்வர்டைசிங் ரூட்டர் 5.5.5.5, ஏஜ் 412, சீக்வென்ஸ் எண் 80000031, அடுத்து ஒரு செக்சம் (தகவல் சிதைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் எண்), கடைசியாக லிங்க் கவுண்ட் 5. இந்த ஒரு வரியை முழுமையாகப் புரிந்துகொண்டால் மீதி நான்கும் புரிந்தவையே.

முதல் இரண்டும் ஒரே எண்ணாக இருப்பதற்குக் காரணம், இது ரூட்டர் எல்எஸ்ஏ எனப்படும் முதல் வகை. ரூட்டர் தன்னைப் பற்றித் தானே சொல்வதால் பொருளும் சொன்னவரும் ஒன்றாகிவிடுகிறார்கள். லிங்க் கவுண்ட்தான் பலரைத் திகைக்க வைக்கிறது. பெரம்பூருக்கு இரண்டு லிங்க்குகள்தானே, ஐந்து எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நியாயமானது. ஐபி முகவரி கொடுக்கப்பட்ட ஒரு பாயின்ட்-டு-பாயின்ட் லிங்க்கை, அதாவது இரண்டு ரூட்டர்களை மட்டும் இணைக்கும் லிங்க்கை, ஓஎஸ்பிஎஃப் இரண்டு பதிவுகளாக எழுதுகிறது: "எனக்கு அந்தப் பக்கம் 1.1.1.1 என்ற ரூட்டர் இருக்கிறது, காஸ்ட் 10" என்பது ஒன்று, "அந்த லிங்க்கில் இன்ன சப்நெட் (முகவரித் தொகுதி) இருக்கிறது" என்று ஸ்டப் நெட்வொர்க்காக, அதாவது அதற்கு அப்பால் வழி தொடராத முனையாகச் சொல்வது மற்றொன்று. ஆகவே இரண்டு லிங்க்குகளுக்கு நான்கு பதிவுகள். அதோடு அலுவலகத்தின் உள் நெட்வொர்க்கான லானுக்கு ஒரு ஸ்டப் பதிவு; மொத்தம் ஐந்து. அதே கட்டளையின் இறுதியில் "ரூட்டர் 5.5.5.5" என்று சேர்த்துக் கேட்டால் இந்த ஐந்தும் விரிவாக, ஒவ்வொன்றின் காஸ்ட்டோடு திரையில் வரும். அதை ஒரு தாளில் எழுதி, வட்டமும் கோடுமாக வரைந்து பார்க்குமாறு மாணவர்களுக்கு நான் எப்போதும் சொல்வதுண்டு. ஐந்து எல்எஸ்ஏக்களையும் வரைந்து முடித்தால், வலையமைப்பின் வரைபடத்தை யாரிடமும் கேட்காமலேயே நாம் அடைந்திருப்போம்.

அடுத்து ஏஜ். அந்த எல்எஸ்ஏ பிறந்து எத்தனை வினாடி ஆயிற்று என்பதைக் காட்டும் இது மேல்நோக்கியே எண்ணப்படும். ஒவ்வொரு ரூட்டரும் தன் எல்எஸ்ஏவில் மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் 1800 வினாடிக்கு, அதாவது அரைமணி நேரத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பித்து மீண்டும் எல்லோருக்கும் அனுப்ப வேண்டும். புதுப்பிக்கப்படாமல் 3600 வினாடியை எட்டிவிட்ட எல்எஸ்ஏ டேட்டாபேஸிலிருந்து நீக்கப்படும். ஆகவே நலமாக இயங்கும் வலையமைப்பில் எந்த வரியின் ஏஜும் 1800-ஐப் பெரிதாகத் தாண்டியிருக்காது. 2700 என்று ஓர் எண்ணைக் கண்டால், அதை எழுதிய ரூட்டர் இப்போது பேசும் நிலையில் இல்லை என்று பொருள்.

இதிலிருந்து ஒரு நுட்பமான விஷயம் பிறக்கிறது. மணலியில் மின்சாரம் போய் அந்த ரூட்டர் அணைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அதன் எல்எஸ்ஏ மற்றவர்களின் டேட்டாபேஸில் ஒரு மணி நேரம் வரைகூட அப்படியே நீடிக்கும். அதை முன்கூட்டியே விலக்கிக்கொள்ளும் உரிமை எழுதிய மணலிக்கு மட்டுமே உண்டு, மணலியோ பேச முடியாத நிலையில் இருக்கிறது. அப்படியானால் மற்ற ரூட்டர்கள் இல்லாத மணலிக்குப் பாக்கெட்டுகளை அனுப்பிக்கொண்டே இருக்குமா? இராது. திருவொற்றியூரும் பெரம்பூரும் தான் உயிரோடிருப்பதைக் காட்ட மணலி அடிக்கடி அனுப்பும் ஹலோ செய்தி வராததைக் கவனித்து, மணலிக்கான லிங்க்கை நீக்கிவிட்டுத் தத்தம் எல்எஸ்ஏக்களைப் புதிதாக எழுதி அனுப்பிவிடும். பாதையைக் கணக்கிடும்போது, ஒரு லிங்க்கை அதன் இரு முனையில் உள்ளவர்களும் அறிவித்திருந்தால் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது விதி. மணலி "எனக்குப் பெரம்பூரோடு தொடர்பு உண்டு" என்று பழைய அறிவிப்பில் சொல்லிக்கொண்டிருந்தாலும் பெரம்பூர் அதை ஒப்புக்கொள்ளாததால், அந்தப் பதிவு டேட்டாபேஸில் இருந்தும் கணக்கில் சேராது. டேட்டாபேஸில் மணலி இருக்கிறது, ரூட்டிங் டேபிளில் மணலியின் நெட்வொர்க் இல்லை என்ற காட்சியைக் கண்டு பிழை என்று மயங்க வேண்டியதில்லை. அது நெறிமுறை சரியாக வேலை செய்கிறது என்பதற்கான அடையாளம்.

இனி சீக்வென்ஸ் எண். என்னைக் கேட்டால் இந்த வரியிலேயே மிகுந்த செய்தி பொதிந்திருப்பது இதில்தான். ஒரே ரூட்டரின் எல்எஸ்ஏ இரண்டு வழிகளில் வந்து சேரும்போது எது புதியது, எது பழையது என்பதை இந்த எண்ணே தீர்மானிக்கிறது. திரையில் தெரிவது பதினாறை அடிமானமாகக் கொண்ட எண். முதல் அறிவிப்பு 80000001 என்று தொடங்கும். 32 பிட் குறியுடைய எண்களில், பயன்படுத்தாமல் ஒதுக்கிவைக்கப்பட்ட 80000000-ஐ விட்டால், பூச்சியத்துக்கு மிகக் கீழே இருக்கும் எதிர்ம எண் அதுதான். அங்கிருந்து ஒவ்வொன்றாக ஏறி, பூச்சியத்தைக் கடந்து, 7-ஐத் தொடர்ந்து ஏழு எஃப் கொண்ட உச்சத்தை அடையும் வரை ஒரே நேர்கோடாகப் போகும். ஒரு ரூட்டர் தன் எல்எஸ்ஏவை 5 வினாடிக்கு ஒருமுறைக்கு மேல் புதிதாக எழுதக் கூடாது என்பது ஆர்எஃப்சியின் வரம்பு. அந்த உச்ச வேகத்திலேயே எழுதிக்கொண்டிருந்தாலும் எண்கள் தீர்ந்துபோகச் சுமார் 680 ஆண்டுகள் ஆகும்.

இத்தனை பெரிய எண்ணும், திரும்பிச் சுற்றாத நேர்கோடும் ஏன் தேவைப்பட்டன என்பதற்கு உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது. இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட், லிங்க் ஸ்டேட் முறைக்கு மாறிய பிறகு, 1980 அக்டோபர் 27 அன்று முழு வலையமைப்பும் பல மணி நேரம் முடங்கிப்போயிற்று. அதை ஆராய்ந்து எரிக் ரோசன் எழுதிய அறிக்கை 1981-இல் ஆர்எஃப்சி 789 ஆக வெளிவந்தது. அப்போது சீக்வென்ஸ் எண்ணுக்கு 6 பிட்டுகள் மட்டுமே ஒதுக்கப்பட்டிருந்தன. 0 முதல் 63 வரை போய் மீண்டும் 0-வுக்குச் சுற்றி வரும். சுற்றி வருவதால், இரண்டு எண்களில் எது புதியது என்பதை வட்டத்தில் எது முன்னால் இருக்கிறது என்று பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. ஒரு கருவியில் ஏற்பட்ட வன்பொருள் கோளாறால் பிட்டுகள் உதிர்ந்து, ஒரே முனையத்தின் அறிவிப்பு 44, 40, 8 என்ற மூன்று எண்களோடு வலையமைப்பில் உலவத் தொடங்கியது. இருமத்தில் எழுதினால் 44 என்பது 101100. ஒரு பிட் உதிர்ந்தால் 101000, அதாவது 40. இன்னொன்றும் உதிர்ந்தால் 001000, அதாவது 8. அன்றைய விதிப்படி 40-ஐவிட 44 புதியது. 8-ஐவிட 40 புதியது. ஆனால் 44-க்கும் 8-க்கும் இடையிலான தூரம் அரை வட்டத்தைத் தாண்டிவிட்டதால், 44-ஐவிட 8 புதியது. மூன்றும் ஒன்றையொன்று துரத்தின. ஒவ்வொரு கருவியும் வந்ததைப் புதியது என்று ஏற்று, நினைவில் எழுதி, அடுத்தவருக்கு அனுப்பிக்கொண்டே இருந்தது. வேறு எந்த வேலைக்கும் நேரமில்லாமல் போயிற்று. அந்த முனையத்திலிருந்து வரும் அறிவிப்புகளைப் புறக்கணிக்குமாறு மென்பொருளைத் திருத்திய பிறகே வலையமைப்பு மீண்டது.

இந்தக் கதையை அறிந்தபின் எல்எஸ்ஏவின் 20 பைட் தலைப்பைப் பார்த்தால், அதில் உள்ள ஒவ்வொன்றும் எதற்காக வைக்கப்பட்டது என்பது விளங்கும். ஏஜைத் தவிர மற்ற அனைத்தையும் காக்கும் செக்சம், பிட் உதிர்ந்த அறிவிப்பை வந்த இடத்திலேயே பிடித்துவிடுகிறது. ஏஜை விட்டுவைத்ததற்குக் காரணம், அது வழியில் மாறிக்கொண்டே இருக்க வேண்டியது. சீக்வென்ஸ் எண் உச்சத்தை எட்டினால்கூட, பழைய எல்எஸ்ஏவை 3600 என்ற ஏஜோடு அனுப்பி எல்லோரிடமிருந்தும் முதலில் நீக்கிவிட்டு, அதன் பிறகே 80000001 என்று மீண்டும் தொடங்க வேண்டும் என்று ஓஎஸ்பிஎஃப் வற்புறுத்துகிறது.

புதிய ரூட்டர் ஒன்று வந்து சேரும்போது டேட்டாபேஸ் எப்படி நிரம்புகிறது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். இரண்டு ரூட்டர்கள் வழக்கமாக 10 வினாடிக்கு ஒருமுறை ஹலோ அனுப்பி அறிமுகமாகின்றன. 40 வினாடி வரை சத்தமில்லை என்றால் மறுபக்கம் இறந்துவிட்டதாகக் கொள்ளப்படும். அறிமுகமானபின் முழு எல்எஸ்ஏக்களை அனுப்பாமல் தலைப்புகளை மட்டும் பரிமாறிக்கொண்டு, தன்னிடம் இல்லாததையும் பழையதாக இருப்பதையும் மட்டும் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. எல்லாம் வந்து சேர்ந்ததும் உறவு "ஃபுல்" நிலையை அடைகிறது. "எக்ஸ்ஸ்டார்ட்" நிலையிலேயே நின்றுவிட்டால், இரு முனைகளின் எம்டியு, அதாவது ஒரு பாக்கெட்டின் அதிகபட்ச அளவு, பொருந்துகிறதா என்பதை முதலில் பாருங்கள்.

இரண்டு ரூட்டர்களின் டேட்டாபேஸும் ஒன்றுதானா என்று வரி வரியாக ஒப்பிட வேண்டிய அவசியமும் இல்லை. "ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப்" என்ற கட்டளையின் வெளியீட்டில், ஒவ்வொரு ஏரியாவின் கீழும் எல்எஸ்ஏக்களின் எண்ணிக்கையும் அவற்றின் செக்சம்களைக் கூட்டிய தொகையும் தரப்படுகின்றன. ராயபுரத்திலும் மணலியிலும் இந்த இரண்டும் ஒன்றாக இருந்தால் வரைபடமும் ஒன்றே என்று நம்பலாம்.

வரைபடம் கையில் வந்தபின் பாதையைக் கண்டுபிடிப்பது, எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட குறுகிய பாதைக் கணக்கீட்டின் வேலை. ராயபுரத்திலிருந்து மணலிக்குத் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக 30. பெரம்பூர் வழியாக 50. ஆகவே ராயபுரம் முதல் வழியையே எடுக்கும். இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். சிஸ்கோ கருவிகளில் காஸ்ட்டைக் கணக்கிடும் அடிப்படை வேகம் இயல்பாக 100 எம்பிபிஎஸ் என்று இருப்பதால், அதை உயர்த்தாவிட்டால் 100 எம்பிபிஎஸ் லிங்க்கும் 1 ஜிபிபிஎஸ் லிங்க்கும் ஒரே காஸ்ட் 1 என்றே எழுதப்படும். டேட்டாபேஸில் எழுதப்பட்டது அப்படி என்றால் கணக்கும் அப்படித்தான் வரும்.

டி.எச். ரோட்டில் மழைநீர் வடிகாலுக்குத் தோண்டும்போது, தண்டையார்பேட்டைக்கும் திருவொற்றியூருக்கும் இடையிலான ஃபைபர் அறுந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, டேட்டாபேஸில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2.2.2.2, 3.3.3.3 ஆகிய இரண்டு வரிகளில் மட்டும் சீக்வென்ஸ் எண் ஒன்று கூடி, ஏஜ் பூச்சியத்துக்கு அருகே வந்திருக்கும். லிங்க் கவுண்ட்டும் குறைந்திருக்கும். மற்ற மூன்று வரிகளில் மாற்றம் இல்லை. ஆனால் ஐந்து ரூட்டர்களும் புதிய வரைபடத்தை வைத்துக் கணக்கை மீண்டும் போடும். ராயபுரத்திலிருந்து மணலிக்கான பாதை பெரம்பூர் வழியாக 50 ஆகும். எந்த இரண்டு வரிகளின் ஏஜ் ஒரே நேரத்தில் குறைந்ததோ, அந்த இரண்டுக்கும் இடையில்தான் பழுது.

மற்ற வகை எல்எஸ்ஏக்களைப் பற்றித் தொடக்கத்தில் அதிகம் கவலைப்பட வேண்டாம். ஒரே ஈதர்நெட்டில் பல ரூட்டர்கள் இருக்கும்போது அவற்றின் சார்பாக ஒரு ரூட்டர் எழுதுவது இரண்டாம் வகை. வெளி வலையமைப்புகளிலிருந்து வரும் பாதைகளைச் சொல்வது ஐந்தாம் வகை. மூன்றாம் வகையைப் பற்றி மட்டும் ஒன்றை நினைவில் வையுங்கள்: வேறு ஏரியாவில் உள்ள நெட்வொர்க்குகளை எல்லை ரூட்டர் தொலைவோடு சுருக்கிச் சொல்லும் அந்த எல்எஸ்ஏயில் அந்த ஏரியாவின் உள் வரைபடம் இராது. எனவே பக்கத்து ஏரியாவில் நடக்கும் பழுதை நம் டேட்டாபேஸை மட்டும் வைத்து இடம் சுட்ட முடியாது. அந்த ஏரியாவின் ஒரு ரூட்டரில் போய்த்தான் பார்க்க வேண்டும்.

சீக்வென்ஸ் எண்ணுக்கே திரும்புகிறேன். அன்றாடப் பணியில் அதிகம் கைகொடுப்பது அதுதான். மாற்றமே இல்லாத ரூட்டர் அரைமணிக்கு ஒருமுறை புதுப்பிப்பதால், ஒரு நாளுக்கு ஏறத்தாழ 48 எண்கள் ஏறும். நாம் முதலில் பார்த்த 80000031-இல் கடைசியில் உள்ள 31 பதினாறடிமான எண். நம் வழக்கமான கணக்கில் அது 49. ஆக, தொடங்கி ஒரு நாள் ஆன, அமைதியான ரூட்டர் அது. அதற்கு மாறாக, அதே ஒரு நாளில் பெரம்பூரும் மணலியும் மட்டும் 80000950-ஐ ஒட்டிக் காட்டியிருந்தால், 950 என்பது 2384; சராசரியாக 36 வினாடிக்கு ஒரு புதிய அறிவிப்பு. அந்த இரண்டுக்கும் இடையிலான லிங்க் ஓயாமல் அறுந்தும் சேர்ந்தும் கொண்டிருக்கிறது என்பதை, யாரும் புகார் சொல்வதற்கு முன்பே இந்த இரண்டு வரிகள் சொல்லிவிடும். பெரம்பூர் மட்டும் தனியாக ஏறியிருந்தால் கோளாறு அதன் உள் லான் போர்ட்டில் இருக்கலாம்.

ஒரே ஒரு வரி மிக வேகமாக ஏறிக்கொண்டிருக்கிறது, அதற்கான லிங்க்குகளோ எல்லாம் நன்றாக இருக்கின்றன என்றால், இரண்டு ரூட்டர்களுக்கு ஒரே ரூட்டர் ஐடி கொடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கிளையின் கான்ஃபிகரேஷனை அப்படியே நகலெடுத்து அடுத்த கிளையில் ஏற்றும்போது இது நேர்ந்துவிடுகிறது. தன் பெயரில், தான் எழுதாத ஓர் எல்எஸ்ஏ வருவதைக் காணும் ரூட்டர், அதைவிட ஓர் எண் கூட்டித் தன்னுடையதை மீண்டும் எழுதும். மற்றதும் அப்படியே செய்யும். இரண்டும் மாறி மாறி எண்ணை ஏற்றிக்கொண்டே போகும். இதை உறுதி செய்ய, அந்த ரூட்டர் ஐடியின் எல்எஸ்ஏவைச் சில வினாடி இடைவெளியில் சில முறை விரிவாகக் கேட்டுப் பாருங்கள். ஒருமுறை ஓர் அலுவலகத்தின் சப்நெட்டுகளும், மறுமுறை வேறோர் அலுவலகத்தின் சப்நெட்டுகளும் அதில் தோன்றினால் சந்தேகமே வேண்டாம். இரண்டில் ஒன்றின் ரூட்டர் ஐடியை மாற்றி, அந்த ரூட்டரில் ஓஎஸ்பிஎஃப் செயல்முறையை மறுதொடக்கம் செய்ய வேண்டும். மறுதொடக்கம் செய்யாவிட்டால் பழைய எண்ணே தொடரும்.